சித்தீக் அனுப்பிய கிறிஸ்துமஸ் கேசட்

இனிமேல் அபுதாபிக்குப் போவதில்லை என்று சொல்லிவிட்டு சித்தீக் ஒரத்தநாட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த மறுநாள் காலையிலேயே அபுதாபி அவரைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டது.

சுபுஹு தொழுதுவிட்டு வந்து, கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மனைவி கமருன்னிஸா கொடுத்த டீயை அப்போதுதான் வாயில் வைத்தார். சமையலறையிலிருந்து மணிச்சத்தம் கேட்டது. வண்டிமாட்டுச் சலங்கை மாதிரி ஆரம்பித்து, பிறகு குழந்தைகள் கூட்டமாக 'ஆ' என்று இழுக்க, அதற்கு மேல் தொண்டை கனத்த ஒரு வெள்ளைக்காரர் இங்கிலீஷில் பாடத் தொடங்கினார். சித்தீக்குக்கு டீ புரையேறிவிட்டது.

"மெதுவா குடிங்க, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க." கமருன்னிஸா மாவுக் கையோடு ஓடிவந்து தலையில் தட்டினாள். "என்ன, ஞாபகம் இருக்கா? நீங்க அனுப்புன கேசட்டுதான். எத்தன வருசமாச்சு, இன்னும் எப்படிப் பாடுது பாருங்க!"

ஞாபகமா? மனிதருக்கு அந்தக் கேசட் முழுக்க மனப்பாடம். எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு, எந்த இடத்தில் வெள்ளைக்காரர் மூச்சு வாங்குவார், எந்த இடத்தில் ஒரு பொடியன் அடக்க முடியாமல் களுக்கென்று சிரிப்பான், எல்லாம் தெரியும். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வார்.

"நல்லா இருக்கு," என்றார் சித்தீக்.

எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார், அதுதான் அவர் வியாதி. அபுதாபியில் இருந்த காலமெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்வார். "எப்படி இருக்கீங்க?" என்று இவள் கேட்பாள். "நல்லா இருக்கேன்" என்று அவர் சொல்வார். அத்தோடு அந்த வாரத்துக் குடித்தனம் முடிந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்தால் வீட்டில் மாப்பிள்ளை விருந்துதான். தினமும் கோழி, புதுத் தலையணை உறை, பூப்போட்ட பீங்கான் தட்டு. உப்புக் கரித்தாலும் 'நல்லா இருக்கு', உப்பே போடாவிட்டாலும் 'நல்லா இருக்கு'. வந்துபோகிற மனிதன் ஒரு குறையைச் சொல்லிவிட்டுப் போனால், பாவம், அதையே நினைத்து நினைத்து அவள் மாய்ந்துபோவாள் என்று அவருக்கு எண்ணம். நல்ல மனசுதான், யார் இல்லையென்றது?

கேசட் விஷயத்துக்கு வருவோம். சித்தீக் வேலை பார்த்தது அங்கே ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில். அரிசி, பருப்பு அடுக்குகிற வரிசை அவருடையது. ஸ்பீக்கரைக் கொண்டுபோய் சரியாக அந்த வரிசைக்கு மேலேதான் மாட்டியிருந்தார்கள். அக்டோபர் கடைசியில் மேனேஜர் இந்தக் கேசட்டைப் போடுவார். நம் ஊர்ப் பொங்கல் கழிந்த பிறகுதான் எடுப்பார். ஒரு பக்கம் முடிந்தால் தானாகவே மறுபக்கம் ஓடும் மெஷின் அது. கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்குகிற வரைக்கும் ஓயாது.

கல்லாவில் இருந்த ஃபிலிப்பைன்ஸ் பெண்தான் அவருக்குப் பாட்டின் அர்த்தத்தைச் சொன்னாள். வெளியே பனி கொட்டுகிறது, வண்டியில் ஒருவன் வீட்டுக்குப் போகிறான், வீட்டில் எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று சொன்னாள். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். வீட்டை விட்டு வந்தவர்களாகப் பார்த்து அதை இத்தனை தடவையா பாடிக் காட்ட வேண்டும்? அர்த்தம் தெரியாதபோது சித்தீக்குக்குக் காதுதான் வலித்தது. தெரிந்த பிறகு நெஞ்சும் சேர்ந்து வலித்தது.

இரண்டாவது வருஷம் அவரால் பொறுக்க முடியவில்லை. மேனேஜர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, மெஷினிலிருந்த கேசட்டையும் பக்கத்தில் கிடந்த அதன் டப்பாவையும் எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். ஆயுளில் அவர் செய்த திருட்டு அது ஒன்றுதான். கடைக் குப்பையில் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். கட்டில் மேல் கட்டிலாகப் படுக்கிற அறையில் ஒளிக்கவும் இடமில்லை. நல்ல வேளையாக அன்றைக்கு இளையபெருமாள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். குத்தாலத்துக்காரர், அதே அறைதான். ஒருவர் ஊருக்குக் கிளம்பினால் அறையில் இருக்கிற அத்தனை பேரும் ஆளுக்கொரு பொட்டலத்தை அவர் தலையில் கட்டுவது அங்கே வழக்கமாயிற்றே. சித்தீக்கும் சோப்பு, கோடாலித் தைலம், பால்பவுடர் என்று ஒரு பொட்டலம் கட்டி வைத்திருந்தார். அதன் நடுவில் கேசட்டைத் திணித்துவிட்டார்.

மறுநாள் காலை கடையில் அப்படி ஒரு நிம்மதி. கொஞ்ச நேரத்துக்குத்தான். மேனேஜர் வந்து மெஷினைப் பார்த்து உச்சுக்கொட்டினார். அடுத்த வரிசைக்குப் போய், புதுக் கேசட் ஒன்றை எடுத்துப் பிரித்துப் போட்டுவிட்டார். அங்கே அதே கேசட் விற்பனைக்கு மார்பளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தது. அடுக்கியவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் சித்தீக்தான். திருடுகிற அவசரத்தில் அது மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

இங்கே ஒரத்தநாட்டில் பொட்டலம் பிரிந்தது. சோப்புக்கும் தைலத்துக்கும் நடுவில் ஒரு பாட்டுக் கேசட்! அந்தத் தெருவில் எந்த வீட்டுக்காரர் பெண்டாட்டிக்குக் கடல் தாண்டிப் பாட்டு அனுப்பியிருக்கிறார்? இது ஆசையில் அனுப்பியதுதான் என்று தெருப் பெண்கள் ஒரே முடிவாக முடிவு கட்டிவிட்டார்கள்.

அன்றிலிருந்து கமருன்னிஸா காலையில் இடியாப்பம் பிழிகிறபோதெல்லாம் இந்தப் பாட்டுதான். சித்திரை வெயிலிலும் அந்த வீட்டில் பனி கொட்டும். பக்கத்து வீட்டு அமிர்தம் அந்த மணிச்சத்தத்துக்குத்தான் பால் கறப்பாள். மாடும் அதற்குப் பழகிப்போய், கரண்ட் இல்லாத நாளில் செம்பை எட்டி உதைக்கும். அமிர்தத்தின் வீட்டுக்காரர் வைரக்கண்ணு, சித்தீக்கோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவர் 'சிரிக்கிற பையன் பாட்டு' வந்ததும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குக் கிளம்புவார். காதுகுத்து, கல்யாணம் என்றால் மைக் செட்டுக்காரர் வந்து கேசட்டை இரவல் வாங்கிக்கொண்டு போவார். அது கிறிஸ்துமஸ் பாட்டு என்று தெரியாதா என்றால், வேளாங்கண்ணிக்கு வருஷா வருஷம் பஸ் ஏறுகிற ஊருக்கு அதுகூடவா தெரியாது! தெரிந்தால் என்ன? நல்ல பாட்டு, நம்ம தெருப் பாட்டு. அட்டையில் சிவப்புக் குல்லாய் போட்டுச் சிரிக்கிற வெள்ளைத்தாடித் தாத்தா எல்லோருக்கும் வேண்டப்பட்டவராகிவிட்டார். ஊரெல்லாம் சிடி வாங்கி, செல்போன் வாங்கி, பழைய கேசட்டுகளைக் குப்பையில் கொட்டிய பிறகும் அவர் மட்டும் ஓய்வெடுக்கவில்லை.

இதில் ஒரு வழக்கம் இருந்தது. சித்தீக் லீவில் வருகிறார் என்றால் கமருன்னிஸா கேசட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். அவர் ப்ளேன் ஏறிய மறுநாள் காலை திரும்பப் போடுவாள். அதனால்தான் இத்தனை வருஷமும் அது அவர் காதில் விழவில்லை. பாட்டு நின்றால் சித்தீக் பாய் வந்துவிட்டார், பாட்டு கேட்டால் போய்விட்டார் என்று தெருவே தெரிந்து வைத்திருந்தது.

இந்த முறைதான் அவர் இருக்கும்போதே பாட்டுப் போட்டாள். அன்றைக்குக் கடைத்தெருவில் டீக்கடையில் வைரக்கண்ணு அவரைப் பார்த்துவிட்டுக் கண்ணை அகல விரித்தார்.

"என்ன மாப்ளே, காலையில பாட்டு கேட்டுச்சு. நீ இங்க நிக்கிற?"

"நான்தான் இனிமே போகலன்னு சொன்னேனே மாப்ளே."

"நீ சொல்லி என்ன பண்றது? தங்கச்சி பாட்டப் போட்டாச்சு. அதப் பொறுத்தவரைக்கும் உன்ன ப்ளேன் ஏத்தியாச்சு, நீதான் இன்னும் கெளம்பாம சுத்திக்கிட்டு இருக்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சித்தீக்கும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அது அவரைக் குடைந்தது.

குடைவதற்குக் காரணம் இருந்தது. திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கி, 'இனிமே போகல கமரு' என்று வாய் நிறையச் சொன்னவர், விசாவை ரத்துப் பண்ணிவிட்டு வரவில்லை. ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போனால் அது உயிரோடு இருக்கும். போகாவிட்டால் தானாகச் செத்துவிடும். கையில் இருக்கட்டுமே என்று ஒரு முன்யோசனை. பாஸ்போர்ட்டைப் பெட்டியிலேயே விட்டு, பெட்டியைப் பரணில் ஏற்றாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார். கமருன்னிஸா கூட்டும்போதெல்லாம் துடைப்பம் அந்தப் பெட்டியில் இடிக்கும். இடித்தாலும் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

இருப்பதா, போவதா? சித்தீக்குக்கு இருக்கத்தான் ஆசை. அந்த ஆசைக்கு இந்த வீட்டில் இடம் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. அவர் இல்லாமலேயே ஓடிப் பழகிய வீடு அது. கேஸ், கரண்ட், மகள் இர்ஃபானாவின் காலேஜ் எல்லாம் அதுபாட்டுக்கு நடந்தது. இந்தத் தடவை கோழியும் இல்லை, புதுத் தலையணை உறையும் இல்லை. பூப்போட்ட தட்டு அலமாரியை விட்டு இறங்கவே இல்லை. எல்லோருக்கும் போல அவருக்கும் நெளிந்த எவர்சில்வர் தட்டுதான். 'சரிதான், நம் மவுசு குறைந்துபோச்சு' என்று மனிதர் எடுத்துக்கொண்டார். அந்த நெளிந்த தட்டுக்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லையே!

அவர் வந்ததால் வீட்டில் ஏற்பட்ட ஒரே மாற்றம் முடிச்சுதான். கடையில் கடைசிப் பத்து வருஷம் அவருக்குப் பை கட்டுகிற வேலை. பிளாஸ்டிக் பையை ஒரு சுழற்றுச் சுழற்றி, காற்றை உள்ளே பிடித்து, உப்பலாக நிறுத்தி, இரண்டு காதையும் ஒன்றுக்குள் ஒன்று விட்டு இழுத்து ஒரு முடிச்சுப் போடுவார். உள்ளே முட்டை இருந்தால் உடையாது, மாவு இருந்தால் சிந்தாது. இங்கே வந்தும் கை சும்மா இருக்கவில்லை. வெங்காயம், முறுக்கு, பழைய பேப்பர் என்று எது கிடைத்தாலும் உப்பலாகக் கட்டிவிடுவார்.

"அத்தா, ஒரு கொத்தமல்லிக் கட்டுக்கு எதுக்கு இவ்ளோ செக்யூரிட்டி?" இர்ஃபானா பல்லால் கடித்துத்தான் அவிழ்ப்பாள். அவள் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. ஒரு நாள் அவர் குளித்துவிட்டு வந்தபோது, "பாத்ரூம்ல நீங்க பாடுனது ரெண்டாவது பக்கம் மூணாவது பாட்டுதானே?" என்றாள்.

"நான் எங்க பாடுனேன்?"

"மூச்சு வாங்குற எடத்துல கூட கரெக்டா வாங்குனீங்க அத்தா."

சித்தீக்குக்குக் கோபம் தலைக்கேறியது. அவளிடம் இல்லை, அந்தப் பாட்டிடம். எந்த நாசமாய்ப்போன வெள்ளைக்காரரோ, கடைக் கூரையிலிருந்து துரத்திக்கொண்டு வந்து குளியலறையில் தன் வாய்க்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாரே! ஆனால் கமருன்னிஸாவிடம் சொல்ல முடியுமா? கணவன் ஆசையாக அனுப்பிய பாட்டு என்று தினமும் கேட்கிறவளிடம், அது திருட்டு கேசட், தொல்லை தாங்காமல் ஊர் கடத்தியது என்று எந்த வாயால் சொல்வது? மறுநாள் காலையும் மணிச்சத்தம் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். "எங்கங்க போறீங்க?" என்றாள். "சும்மா, காத்தாட." "பாட்டு சத்தமா இருக்கா?" "இல்ல இல்ல, நல்லா இருக்கு."

புரட்டாசியில் ஒரு நாள் மேனேஜர் போன் செய்தார். புதுக் கிளை திறக்கிறார்களாம், விசா முடிவதற்குள் வந்தால் சூப்பர்வைசர் வேலையாம். 'யோசிச்சு சொல்றேன்' என்று சித்தீக் சொன்னதை, கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த கமருன்னிஸா கேட்டாள். முறத்தின் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் கோழி இருந்தது. அவர் முன்னால் அலமாரியிலிருந்து இறங்கிய பூப்போட்ட தட்டு.

வந்ததிலிருந்து அந்தத் தட்டு வரவில்லையே என்று ஏங்கியவர்தான் சித்தீக். வந்ததும்தான் அது யாருக்கு வைக்கிற தட்டு என்று உறைத்தது. அது ஊருக்குக் கிளம்புகிறவனுக்கு வைக்கிற தட்டு. இவள் முடிவு பண்ணிவிட்டாள், தெரு முடிவு பண்ணிவிட்டது, பாட்டு முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது.

"நல்லா இருக்கா?" என்றாள்.

"நல்லா இருக்கு."

மனிதனுக்கு ஆற்றாமை வந்தால் அதை எதன் மேலாவது காட்டத்தானே வேண்டும். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. சமையலறையில் டூ-இன்-ஒன்னிலிருந்து கேசட்டை எடுத்தார், அட்டைப்படத்தோடு டப்பாவில் போட்டார், ஒரு பையில் வைத்துக் கட்டினார். நேரே புது ஆற்றுப் பாலத்துக்கு நடந்தார். ஆற்றில் தண்ணீர் இருகரையும் தொட்டுக்கொண்டு போனது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் பையை ஆற்றில் விட்டார். குனிந்து பார்க்காமல் திரும்பி நடந்தார். குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பத்து வருஷப் பழக்கம், கை தன் பாட்டுக்குக் காற்றைப் பிடித்து உப்பலாகக் கட்டியிருந்தது. பை முங்கவே இல்லை. குல்லாய்த் தாத்தா சிரித்துக்கொண்டே மிதந்து போய், கிளை வாய்க்காலுக்குள் திரும்பினார்.

மறுநாள் காலை வீடு நிசப்தமாக இருந்தது. கமருன்னிஸா இடியாப்பம் பிழிந்தாள், கேசட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆசைப்பட்ட நிசப்தம்தான். ஆனால் சித்தீக்குக்கு அதில் உட்கார முடியவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். அப்போதுதான் கொல்லைப் பக்கமாக வைரக்கண்ணு வந்தார், முழங்கால் வரை சேறு, ஒரு கையில் மண்வெட்டி, இன்னொரு கையில் உப்பலான ஒரு பை.

"தங்கச்சி, இந்தா! உங்க தாடித் தாத்தா என் மடைய அடைச்சுக்கிட்டு நின்னாரு. தண்ணி ஏன் வரலன்னு போய்ப் பாத்தா, குப்ப செத்தைக்கு நடுவுல உள்ளேர்ந்து சிரிக்கிறாரு. எவனோ களவாணிப் பய எடுத்துட்டுப் போயி, பயந்துகிட்டு ஆத்துல போட்டிருக்கான். ஆனா ஒண்ணு, சொட்டுத் தண்ணி உள்ள போகல. கட்டுன கைக்குக் காப்பே போடலாம்."

கமருன்னிஸா பையை வாங்கினாள். முடிச்சைப் பார்த்தாள். காலேஜுக்குக் கிளம்பி வந்த இர்ஃபானாவும் முடிச்சைப் பார்த்தாள், அத்தாவைப் பார்த்தாள், திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு!" என்று வாசல் வழியே ஓடினாள்.

"மாடு வேற காலையில செம்ப உதைச்சுட்டுச்சு. சீக்கிரம் போடு தங்கச்சி," என்று சொல்லிவிட்டு வைரக்கண்ணு தண்ணீர் பார்க்கப் போய்விட்டார்.

மகள் பல்லால் கடிக்கிற முடிச்சைக் கமருன்னிஸா விரலால் ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். கேசட்டைப் போட்டாள். சலங்கை கிணுகிணுத்தது, குழந்தைகள் 'ஆ' என்றார்கள்.

"நல்லா இருக்கா?" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

சித்தீக் டீ கிளாஸை ணங்கென்று மேடையில் வைத்தார்.

"இல்ல! நல்லா இல்ல! நல்லாவே இல்ல கமரு! இத்தன வருசம் இந்த ஆளு என் தலைக்கு மேல நின்னு பாடியிருக்கான். நோன்பு வச்சுக்கிட்டு கேட்டிருக்கேன், காய்ச்சலோட கேட்டிருக்கேன். எங்கம்மா மவுத்தான சேதி வந்த அன்னைக்கும், லீவு கேட்டுக் குடுக்காம, இதக் கேட்டுக்கிட்டுதான் பருப்பு மூட்ட அடுக்குனேன். உனக்குன்னு ஆசையா அனுப்பல. தொல்ல தாங்காம திருடுனேன், ஒளிக்க எடமில்லாம பொட்டலத்துல திணிச்சேன். நேத்து ஆத்துல போட்டதும் நான்தான். சொல்லிட்டேன். என்ன பண்ணுவியோ பண்ணிக்க!"

அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவரால் நிறுத்த முடியவில்லை. மடை உடைத்துக்கொண்டது.

"அந்தத் தலகாணி கல்லு மாதிரி இருக்கு, கழுத்து வலிக்குது. டீல சக்கர ஜாஸ்தி. இடியாப்பத்துக்குத் தேங்காப்பால ஊத்துறியே, எனக்குத் தேங்காப்பாலே புடிக்காது, நிக்காஹ் ஆன மறுநாள்லேர்ந்து புடிக்காது! அந்தப் பூத்தட்ட தூக்கி உள்ள வையி. எனக்கு அது வேணாம். நான் ஊருக்குப் போறவன் இல்ல!"

கமருன்னிஸாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோய்க் கிட்டே போனார். அழுதாள்தான். சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?"

"இருக்கு. நெறைய இருக்கு."

"அப்புறம் சொல்லுங்க, ஒண்ணு விடாம கேக்குறேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீங்க திருடுனது எனக்கு அன்னைக்கே தெரியும். பொட்டலம் கொண்டாந்த இளையபெருமாள் அண்ணன், டப்பாவப் பாத்ததுமே தலையில அடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. 'இந்தப் பாட்டக் கேட்டுக் கேட்டுத்தான் அவருக்குப் பைத்தியம் புடிக்குது, கடைசியில ஊர் கடத்திட்டாரா'ன்னாரு. ஆசையா அனுப்புனதுன்னு தெருவுல பேசிக்கிட்டாங்க. பேசட்டும்னு விட்டுட்டேன்."

"தெரிஞ்சுமா தினம் போட்ட?"

"போன்ல நீங்க நல்லா இருக்கேன்னு ஒண்ணத் தவிர வேற சொன்னதுண்டா? அழுதீங்களா, பட்டினி கெடந்தீங்களா, எனக்கு என்ன தெரியும்? உங்கம்மா மவுத்துக்கு லீவு குடுக்கலங்கிறதே இப்பதான் தெரியுது. அங்க உங்க காதுல என்ன விழுதுன்னு எனக்குத் தெரிஞ்சது இந்தப் பாட்டு ஒண்ணுதான். நீங்க கேக்குறத நானும் கேக்கணும்னு போட்டேன். மொதல்ல எனக்கும் தலவலிதான் வந்துச்சு. அப்புறம் எப்ப புடிச்சுப்போச்சுன்னே தெரியல. நீங்க லீவுல வர்றப்ப ரெண்டு மாசமாவது நிம்மதியா இருக்கட்டும்னு எடுத்து வச்சுடுவேன்."

"அப்ப இந்தத் தடவ ஏன் போட்ட?"

"இந்தத் தடவ லீவு இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? விருந்தாளிதான் எதுக்கும் குறை சொல்ல மாட்டாரு. வீட்டு ஆம்பள மறுநாளே 'நிறுத்துடி'ன்னு கத்துவாருன்னு பாத்தேன். தட்டு நெளிஞ்சிருக்குன்னு கேப்பாருன்னு பாத்தேன். நீங்க தினம் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னீங்க. கட்டிலுக்கு அடியில பெட்டி வேற. இவரு வந்த மனுசன் இல்ல, போற மனுசன்னு நேத்து மனசு விட்டுப்போச்சு. அதான் பூத்தட்ட எறக்குனேன்."

சித்தீக் டூ-இன்-ஒன் பக்கத்தில் போய் நின்றார். சிரிக்கிற பையன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பொத்தானில் விரலை வைத்தவர் அமுக்காமல் காத்திருந்தார். இருந்த ஆத்திரத்துக்கு உடனே நிறுத்தியிருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த இடம் வருகிறது, விட மனசில்லை. பொடியன் களுக்கென்று சிரித்தான். இருவரும் கேட்டார்கள். அவன் சிரித்து முடித்த பிறகுதான் சித்தீக் பொத்தானை அமுக்கினார்.

"மார்கழியில மட்டும் போட்டுக்க," என்றார். "சத்தத்தக் கொறைச்சு."

பிறகு நேரே அறைக்குள் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, அதைப் பரணில், பழைய பாத்திரங்களுக்கும் பின்னால், கை எட்டாத ஆழத்துக்குத் தள்ளினார். கமருன்னிஸா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தூசி தட்டாம வச்சிருக்க பாரு," என்று மேலிருந்து ஒரு குறை வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அமிர்தம் குரல் கொடுத்தாள்.

"அக்கா! பாட்டு பாதியில நின்னுபோச்சே. அண்ணன் வந்துட்டாரா?"

கமருன்னிஸா ஸ்டூலை விடாமலேயே கழுத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"வந்துட்டாருடி," என்றாள். "இப்பதான் வந்தாரு."